மின்விசிறியை நிறுத்திய பிறகு

வீணைக்குச் சத்தம் குறைவு. பலாமரத்தில் குடைந்த குடம், மெழுகில் பதித்த 24 மெட்டுகள், வாசிக்க நான்கு தந்திகள், தாளத்துக்குப் பக்கவாட்டில் மூன்று என்று பார்வைக்கு அத்தனை பெரிய வாத்தியம். ஆனால் அது எழுப்பும் ஒலி ஒரு வீட்டுக் கூடத்தைத் தாண்டிப் போவதில்லை. நாதஸ்வரம் கோயில் வீதிக்கானது. வீணை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கானது. சபாக்கள் பெரிதாகி நாற்காலிகள் பெருகிய பிறகு வீணையின் மேல் காண்டாக்ட் மைக்கை ஒட்டினார்கள். அப்புறம் கடைசி வரிசைக்கும் கேட்டது. தப்பு சொல்ல மாட்டேன், கடைசி வரிசைக்காரர்களும் டிக்கெட் வாங்கியவர்கள்தானே.

மைக்குக்கு முந்தைய கதை ஒன்று சங்கீதக்காரர்கள் மத்தியில் இன்றும் புழங்குகிறது. சென்னை ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டிலேயே வாசிப்பாராம். பெரிய வித்வான்களும் ரசிகர்களும் தரையில் உட்கார்ந்து, ஒரு செருமல்கூட இல்லாமல் கேட்பார்களாம். பிற்காலத்தில் பார்வை போய்விட்டது. வீணையோடு சேர்ந்து தானும் மெல்லப் பாடுவார். 1938இல் காலமானார். நடனமாடிய பாலசரஸ்வதியும், பதங்களுக்குப் பேர்போன பிருந்தா, முக்தா சகோதரிகளும் அவருடைய பேத்திகள். இதையெல்லாம் எங்கோ படித்தபோது, இனி யாருக்கு அந்த மாதிரி வாய்க்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வாய்த்தது. ஒரே ஒரு சாயங்காலம்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பாட்டு என்றால் ரேடியோ, ரேடியோ என்றால் திருச்சி வானொலி நிலையம். அதில் காலையிலும் ராத்திரியிலும் வருகிற கர்நாடக சங்கீதத்தை, அடுத்து வரப்போகும் சினிமாப் பாட்டுக்காகப் பொறுத்துக்கொண்டு கேட்டு வளர்ந்தவள் நான். பொறுத்துக்கொண்டது எப்போது பிடித்துப்போனது என்று தெரியவில்லை. ராகத்தின் பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் இது போன வாரம் வந்த அதே ஆள் என்று முதல் மீட்டிலேயே தெரிந்துவிடும்.

அதற்கு என் வேலையும் ஒரு காரணம். திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டில் உட்கார்ந்தவள் நான். ஆபரேட்டர் இல்லாமல் நேராக வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. எல்லா ஊருக்கும் வந்து சேராத காலம். காதில் ஹெட்செட், முன்னால் கயிறும் முளையுமாகப் பலகை. சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு அழைப்புகள். மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே போய்ச் சொல்ல வேண்டும். முகமே பார்க்காமல் குரல்களோடு மட்டும் பழகிய உத்தியோகம் அது. ராத்திரி ஷிஃப்டில் லைட்னிங் கால் வந்தால் பெரும்பாலும் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். சேதியைச் சொல்லி முடித்ததும் மறுமுனையில் பேச்சு நின்றுபோகும். அப்போது நாங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லைன் செத்துப்போய் வருகிற அமைதி வேறு, ஆள் இருந்தும் பேச முடியாமல் நிற்கிற அமைதி வேறு. முதலாவது என்றால் கயிற்றைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட வேண்டும். இரண்டாவது என்றால் கை வைக்கக் கூடாது. மூன்று நிமிடம் தாண்டினாலும் கொஞ்சம் சும்மா இருப்போம். சட்டத்தில் அப்படி இல்லை, ஆனால் எல்லாரும் செய்தோம்.

அந்த ஒரு சாயங்காலம் வாசித்த வீணைக்கார அம்மா எனக்கு முதலில் வந்து சேர்ந்ததும் முகமில்லாமல்தான். எண்பதுகளில் ஒருநாள், ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் கேசட் வாங்கினேன். அட்டையில் சரஸ்வதி படம்தான் போட்டிருந்தது, வாசித்தவர் படம் இல்லை. இங்கே அவர் பெயரை எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றி யாரும் உருகி எழுதுவது அவருக்குப் பிடிக்காது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் தீட்சிதரின் ‘மீனாக்ஷி மே முதம்’ இருந்தது, பூர்விகல்யாணியில். எட்டயபுரத்தில் 1835 தீபாவளியன்று தீட்சிதர் உயிர் பிரியும் நேரத்தில் சீடர்களைப் பாடச் சொல்லிக் கேட்ட கீர்த்தனை என்பார்கள். சாகித்தியத்துக்குள்ளேயே வீணை வருகிறது, கமகங்கள் வருகின்றன. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு இடம்தான். பல்லவியை இரண்டாம் முறை எடுத்து மேலே போகும்போது ஒரு இழுப்பு. தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு ஏறுகிறார். போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கணம் தயங்கி, இன்னும் இழுத்து, எட்டுகிறார். அவ்வளவுதான். அந்தத் தயக்கத்துக்காக அந்த கேசட்டைத் தேய்த்தேன். டேப் சிக்கும்போதெல்லாம் பென்சில் விட்டுச் சுற்றினேன். கல்யாணம், பிள்ளைகள், சென்னைக்கு மாற்றல், எங்கள் துறை பி.எஸ்.என்.எல். ஆனது, என் பலகை பழைய இரும்புக்குப் போனது, எல்லாவற்றிலும் கூடவே வந்தது அது.

2006 ஆடி மாதம். சபாக்கள் சோம்பிக் கிடக்கும் காலம். ஆபீஸ் தோழி ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், மதியச் சாப்பாட்டின்போது சாதாரணமாகச் சொன்னாள்.

“அக்கா, உங்க வீணை அம்மா மயிலாப்பூர்ல எங்க அத்தை வீட்டு மாடியில வாசிக்கிறாங்களாம். முப்பது பேருக்குத்தான் இடம். மைக் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. வர்றீங்களா?”

சாப்பாட்டு டப்பாவை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். அதற்கு மேல் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

போவதா வேண்டாமா என்று அன்றிரவெல்லாம் யோசித்தேன் என்றால் நம்புவீர்களா? ரசிகர்களுக்கு இந்தப் பயம் உண்டு. இத்தனை காலம் நம் மனத்துக்குள் உருவாக்கிவைத்த ஆள் ஒருத்தி இருக்கிறாள். நிஜ ஆள் வந்து அவளை எழுப்பி விரட்டிவிட்டால்? தவிர, மயிலாப்பூர் கூட்டம். அங்கே வருகிறவர்கள் ராகம், மேளம், பாடாந்தரம் என்று பேசுவார்கள். நான் எதைப் பேசுவது, பல்லவியில் இரண்டாம் தடவை வரும் இழுப்பைப் பற்றியா?

கபாலி கோயில் தெப்பக்குளத்துக்குச் சற்றுத் தள்ளி, சந்துக்குள் சந்து. பழைய வீடு. மரப்படி ஏறினால் கூடம். தரையில் ஜமக்காளம், ஒரு ஓரத்தில் முதியவர்களுக்கு நாலைந்து நாற்காலி. எதிரே தாழ்வான பலகை, அதன் மேல் கோரைப்பாய். அத்தை வாசலிலேயே நின்று, “செருப்பை உள்ளே விட்டுடுங்கோ, இந்தத் தெரு நாய் ஒரு ஜோடி விடறதில்லை” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வியர்த்து ஊற்றியது. கூட்டத்தோடு கூட்டமாக நடுவில் உட்காரலாம் என்று நான் பார்க்க, தோழி என் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தாள். பலகைக்கும் எனக்கும் இடையில் ஆறடிகூட இருக்காது.

உள் அறையிலிருந்து அவர் வந்தார். சின்ன உருவம். எழுபதை நெருங்கிய வயது, நூல் புடவை, மூக்குக் கண்ணாடிக்குக் கறுப்புக் கயிறு. நான் மனத்தில் வைத்திருந்தவள் உயரம், கம்பீரம், வைரத்தோடு. இவரைக் காய்கறிக் கடையில் பார்த்திருந்தால் கடந்து போயிருப்பேன். ஏமாற்றமாக இருந்ததா என்றால், இல்லை. முகத்தைப் பார்க்கவே எனக்கு நேரம் இல்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி ஓடிய தழும்பு, கோடு போட்டதுபோலக் கறுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெயில் நனைத்த பஞ்சு. விரல் தந்தியில் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக அவ்வப்போது அதில் தொட்டுக்கொள்வார்கள். இத்தனை வருஷம் கேட்ட நாதத்துக்குள் தேங்காய் எண்ணெய் இருந்தது எனக்குத் தெரியாது.

வீணை தஞ்சாவூர் வேலை. ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணை என்று பின்னாலிருந்து ஒரு மாமா யாருக்கோ கிசுகிசுத்தார். அந்த மாமா அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் இலவச வர்ணனை தந்தார். யாளி முகம் சாயம் போயிருந்தது. ஒரு மாணவி பின்னால் தம்பூராவோடு உட்கார்ந்தாள். அவர் பிருடையைத் திருகிச் சுருதி சேர்த்தார். ஈரக்காற்றுக்குத் தந்தி நிலைகொள்ளவில்லை போல. நெடுநேரம் சேர்த்தார். பிறகு தலையை உயர்த்தி மேலே பார்த்தார்.

“ஃபேனை நிறுத்திடலாமா? எல்லாருக்கும் ரொம்பக் கஷ்டமா இருக்குமோ?”

ஆடி மாதச் சென்னையில் முப்பது பேர் அடைந்த மாடிக் கூடத்தில் இப்படி ஒரு கேள்வி. யாரோ எழுந்து நிறுத்தினார்கள். மூன்று இறக்கைகளும் சுற்றி ஓய்ந்ததும் வெளியுலகம் உள்ளே வந்தது. பக்கத்து வீட்டு குக்கர் விசில், சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவது, எங்கோ டிவி சீரியல் பாட்டு. இதற்கு நடுவே இவர் என்ன வாசித்துவிடப் போகிறார் என்று இருந்தது எனக்கு. வலது கையால் சும்மா ஒருமுறை தந்திகளை வருடினார்.

சத்தம் அவ்வளவு சிறியதாக இருந்தது. கேசட்டில் நான் கூட்டிவைத்துக் கேட்ட ஒலியில் பாதிகூட இல்லை. ஆனால் சில நிமிடங்களில் காது இறங்கி வந்து அந்த அளவுக்குப் பொருந்திக்கொண்டது. அதன்பின் குக்கரும் ஸ்கூட்டரும் எங்கே போயின என்று தெரியாது. மைக் விட்டுவிடுகிற எல்லாம் கேட்டன. நகம் தந்தியை விட்டு விலகும் உரசல், மெட்டின் பித்தளை மேல் விரல் நகரும் சிணுங்கல், ஒவ்வொரு நீண்ட இழுப்புக்கும் முன்னால் அவர் மூக்கால் இழுக்கும் மூச்சு. இவர் மூச்சு விடுகிறவர் என்பதை அந்த கேசட் எனக்குச் சொன்னதே இல்லை.

வர்ணம், ஒரு கிருதி, பிறகு ஒரு பதம். பதத்தில் பாதி வழியில் மெல்லப் பாடத் தொடங்கினார். கரகரத்த குரல், ஸ்தாயி எட்டாத இடத்தில் நிறுத்தி விரலிடம் விட்டுவிட்டார். அதற்கப்புறம் தானம். வீணைக்காரர்களுக்குத் தானம் சொந்த வீடு. கன ராகங்கள் ஐந்தையும் வரிசையாக எடுத்தார், நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. பெயர்களை மாமாதான் சொன்னார். தானத்தில் நடை உண்டு, தாளக்கட்டு கிடையாது. சுண்டுவிரல் பக்கத் தந்திகளைத் தட்டித் தட்டி ஓட்டத்தைக் காக்கும். அதுவரை தொடையில் பலமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்த மாமாவின் கைக்கு இங்கே வேலை இல்லாமல் போயிற்று. அன்றைக்கு நான் தானத்துக்கு நன்றி சொன்ன முதல் காரணம் அது.

வராளி வந்தது. குரு நேரடியாகச் சிஷ்யனுக்கு வராளி சொல்லித் தரக் கூடாது, தந்தால் இருவருக்கும் மனஸ்தாபம் வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டாம், மாமாவின் உபயம். குதிரை நடையாக வந்துகொண்டிருந்த தானம் அங்கே வேகம் குறைந்தது. ஒரு சுரத்தை மீட்டிவிட்டுக் கையை எடுத்தார். அது தேய்ந்துகொண்டே போனது. வீணையில் கார்வை என்பது தேய்வதுதான், வில் போட்டு நீட்ட முடியாது, ஊதிக் காப்பாற்ற முடியாது. மீட்டிய கணத்திலிருந்தே அது சாகத் தொடங்குகிறது. முப்பது பேரும் அதன் பின்னாலேயே குனிந்துகொண்டு போனோம். ஒலி நின்றது. அவர் அடுத்த மீட்டைப் போடவில்லை. காத்திருந்தார்.

எனக்கு அந்த அமைதி தெரியும். செத்த லைனின் அமைதி இல்லை அது. ஆள் இருக்கிறது. கை வைக்கக் கூடாது.

கேசட்டில் இதே மாதிரி இடங்கள் எத்தனையோ உண்டு, அங்கே டேப்பின் இரைச்சல்தான் இருக்கும். இங்கே அவர் மூச்சு இருந்தது, தம்பூராப் பெண்ணின் வளையல் இருந்தது, எங்கள் முப்பது பேரின் வியர்வையும் இருந்தது. ராத்திரி ஷிஃப்டில் மறுமுனையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முகம் தெரியாத, ஊர் மட்டும் ஞாபகம் இருக்கிற ஆட்கள். புதுக்கோட்டையிலிருந்து பேசிய ஒரு பெரியவர். தேவகோட்டையில் ஒரு சின்னப் பெண், அப்பாவிடம் போனைக் கொடுக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றது. அழுதேன். முதல் வரிசையில், விசிறி இல்லாத கூடத்தில், மூக்கை உறிஞ்சினால் வீணைக்கு மேலே கேட்கும் என்ற பயத்தில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு அழுதேன். அவர் என்னைப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். கண்ணாடி நழுவியதைச் சரி செய்யத்தான் தலையைத் தூக்கினாரோ என்னவோ. ரசிகர்கள் இப்படித்தான், எதையும் தமக்காக என்று எடுத்துக்கொள்வோம்.

கடைசிக்கு முன்னால் ‘மீனாக்ஷி மே முதம்’. முதல் சங்கதியிலேயே என் முதுகு நிமிர்ந்துவிட்டது. கேசட்டைவிட விளம்பமாக எடுத்தார். பல்லவி இரண்டாம் தடவை மேலே போகிறது. இதோ வருகிறது என்று புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். அந்த இழுப்பு வரவில்லை. சுத்தமாக, தயங்காமல் ஏறி, சேர வேண்டிய சுரத்தில் நின்றார். எல்லாரும் ‘ஆஹா’ என்றார்கள். என் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது. மிச்சக் கீர்த்தனை முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததால் சரணத்தைப் பற்றி என்னால் ஒன்றும் எழுத முடியாது. மிக நன்றாக வாசித்தார் என்று தோழி சொன்னாள்.

மங்களம் முடிந்ததும் விசிறி போட்டார்கள். அந்தக் காற்றுக்கும் ஒரு கைதட்டல் விழுந்தது. சுண்டலும் காபியும் வந்தன. ஒவ்வொருவராகப் போய் அவரிடம் பேசினார்கள். பாடாந்தரம், குருநாதர், அந்தக் காலத்து வானொலி நிலையம் என்று. என் முறை வந்தபோது, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோத்துவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட இல்லை. “திருச்சிலேர்ந்து உங்களைக் கேக்கறேம்மா” என்றேன். அன்றைக்குத்தான் திருச்சியிலிருந்து வந்தேன் என்று நினைத்து, “அடடா, ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பணுமா?” என்று கவலைப்பட்டார்.

தோழி விடவில்லை. “அக்கா, அந்த இழுப்பைக் கேளுங்க” என்று முழங்கையால் இடித்தாள். கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கீழ்க்குரலில் பாடியே காட்டிவிட்டேன். சங்கீதம் தெரியாத நான் ஒரு வித்வாம்சினி முன்னால் வாயைத் திறந்து பாடினேன். பின்னால் மாமா வேறு நின்றுகொண்டிருந்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “மறுபடி ஒரு தரம் பாடு” என்றார். பாடினேன். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், தோள் குலுங்கக் குலுங்க.

“அதுவா! அன்னிக்கு ரிகார்டிங்ல ஏ.சி. குளிர், வெளியில வெயில், வாத்தியம் ஒரு நிலையில இல்லை. பாதியில சாரணி இறங்கிடுத்து. நிறுத்தினா முதல்லேர்ந்து எடுக்கணும். இழுத்தேன், சுரம் வரலை. இன்னும் இழுத்தேன், வந்துது. அதைப் போய்ப் பிடிச்சுண்டிருக்கியே!”

சாரணி என்பது வாசிக்கும் முதல் தந்தி. அது தளர்ந்தால் அதே சுரத்தை எட்ட அதிகமாக இழுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நான் தயக்கம் என்றும் ஏக்கம் என்றும், சில ராத்திரிகளில் பிரார்த்தனை என்றும் வைத்திருந்ததற்கு சாரணி என்று பெயர். மாமா மிகவும் சந்தோஷப்பட்டார்.

அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அந்த கேசட் என்கிட்ட இல்லை. யாரோ கேட்டான்னு குடுத்தது, திரும்பலை. ஒரு காப்பி போட்டுத் தருவியா?”

அன்றிரவே அந்த இடத்தைப் போட்டுக் கேட்டேன். தந்தி இறங்கியிருப்பது தெரிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குக் கேட்டதெல்லாம் ஒருத்தி கைக்கு எட்டாததை விடாமல் எட்டிப் பிடிப்பதுதான். முன்னைவிட அதிகமாகப் பிடித்தது.

தெருமுனைக் கடைக்காரர் இரட்டை டெக்கில் காப்பி போட்டுத் தந்தார். இரைச்சல் அதிகம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிவைத்து, தோழியின் அத்தை மூலம் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அதே வழியாகப் பதில் வந்தது. கேட்டாராம். சாரணி இறங்கினது இன்னமும் காதில் குத்துகிறதாம், அந்தக் கம்பெனிக்காரன் அதை எப்படி வெளியில் விட்டான் என்று கேட்டாராம். மாணவி அந்த இடத்தைத் தனக்குச் சொல்லிக் கொடுக்கும்படி நச்சரிக்கிறாளாம். அதெல்லாம் சொல்லித் தர முடியாது, வேண்டுமானால் தந்தியைத் தளர்த்திக்கொண்டு நீயே வாசித்துப் பார் என்று விரட்டிவிட்டாராம்.